மட்டமும் நேரும்

வட இந்திய நகரங்களில் வாழும் நம்மவர்கள், வீட்டில் தச்சுவேலை நடக்கும்போது ஒன்றைக் கவனித்திருக்கலாம். அங்குலத்தை எட்டாகப் பகுத்து, அதில் ஒரு பங்கை அங்குள்ள தச்சர் ‘சூத்’ என்கிறார். சூத் என்றால் நூல். நம் ஊர்த் தச்சரும் அந்த எட்டில் ஒரு பங்கை ‘நூல்’ என்றே வழங்குகிறார். யார் யாரிடம் கற்றனர் என்ற ஆராய்ச்சிக்குள் நாம் இப்போது நுழையவில்லை. அளவைப் பற்றிய சொற்கள் கைத்தொழிலாளரிடம் நன்கு பண்பட்டு வழங்குகின்றன என்பதே நாம் கருதுவது. பெரிய விஞ்ஞானக் கருவிகளைப் பிசகாமல் நிலைநிறுத்தும் கலைக்குத் தமிழில் சொல் தேடுவோர், அகராதியைப் புரட்டுமுன் கொத்தனாரின் கருவிப்பையைப் பார்ப்பது நல்லது.

அப்பையில் என்ன இருக்கிறது? கிடைநிலை பார்க்க ரசமட்டம். செங்குத்துப் பார்க்கத் தூக்குக்குண்டு. மூலை பார்க்க மூலைமட்டம். நேர் பார்க்க ஒரு நூற்கயிறு. ஹிந்தி வழங்கும் ஊர்களில் தூக்குக்குண்டைச் ‘சாஹுல்’ என்பர். மூலைமட்டத்தைக் ‘குனியா’ என்பர். கருவிகள் நான்கு, அவை விடை கூறும் கேள்விகளும் நான்கு. ஆயினும் வீட்டுச் சுவர் எழுப்புகிறவருக்கு, மட்டமாக இருப்பது நேராகவும் இருந்துவிடுகிறது. ஆதலால் ‘மட்டமாக, நேராக’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். மொழிபெயர்ப்பிலும் இவ்விரண்டிற்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடும் சபலம் எளிதில் வரும். சுவரளவில் அதனால் கெடுவது ஒன்றுமில்லை. கருவி பெரிதாகும்போது நிலைமை வேறு.

மட்டம் என்பது அசையாத நீர் நிற்கும் நிலை. பூமி உருண்டையானதால் அந்நீர்ப்பரப்பும் வளைந்ததே. நேர் என்பதோ வெற்றிடத்தில் ஒளி செல்லும் வழி. ஓரிடத்தில் மட்டமாகத் தொடங்கும் நேர்க்கோடு, 10 மீட்டர் சென்றபின் நீர்மட்டத்தினின்று விலகுவது ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கும் இராது. 100 மீட்டரில் அது 0.8 மில்லிமீட்டர், ஒரு கிலோமீட்டரில் 78 மில்லிமீட்டர், 4 கிலோமீட்டரிலோ 1.25 மீட்டர், அதாவது எட்டு வயதுப் பிள்ளையின் உயரம். நீளம் இருமடங்கானால் விலகல் நான்மடங்காகும் என்பதே இதன் கணக்கு.

இனி, கொத்தனாரின் பையிலுள்ளவற்றை ஓருருவாக்கியது போன்ற தியோடலைட்டைப் பார்ப்போம். முக்காலியின்மேல் ஒரு சிறு தொலைநோக்கி, அதன் உடலில் ரசமட்டம், அடியில் தூக்குக்குண்டு, கண்வில்லைக்கு முன்னே குறுக்கிழைகள், கோணத்தைப் படிக்க வட்டத் தட்டுகள். இக்கருவியே கோணலாக இருந்தால் என் செய்வது? ஒரு குறியை நோக்கிக் கோணத்தைக் குறித்துக்கொள்வர். பின் தொலைநோக்கியைக் குப்புறப் புரட்டி, கருவியை அரைவட்டம் திருப்பி, அதே குறியை மறுபடியும் நோக்குவர். முதலில் வலப்புறம் தவறியது இப்போது அதே அளவு இடப்புறம் தவறும். இரண்டின் சராசரியில் அப்பிழை நீங்கிவிடும். பிழையை ஒழிக்காமலே பிழையற்ற விடை காணும் இம்முறையைக் காட்டிலும் அழகிய உபாயத்தை நாம் அளவைத்துறையில் கண்டதில்லை.

தொலைநோக்கியின் பார்வைக் கோட்டைச் செம்மை செய்வதை ஆங்கிலத்தில் ‘காலிமேஷன்’ என்பர். இச்சொல்லின் பிறப்பு நம் போன்ற மொழிபெயர்ப்பாளருக்கு வேடிக்கையானது. லத்தீனில் நேர்க்கோட்டில் நிறுத்துதலுக்குரிய சொல் ‘கொல்லினேயாரே’. ஏடுகளில் அதனை யாரோ ‘கொல்லிமாரே’ என்று பிழையாகப் படித்தனர். அப்பிழையே விஞ்ஞானச் சொல்லாக நிலைத்துவிட்டது! தமிழில் நாம் இதனை ‘பார்வைக்கோட்டுத் திருத்தம்’ என்று வழங்க விரும்புகிறோம்.

தியோடலைட்டின் கோணலைப் புரட்டிப் பார்த்து நீக்கலாம். தூக்குக்குண்டே கோணினால் என் செய்வது? இந்தக் கேள்வி நம் நாட்டிலேயே எழுந்தது. பாகையை 60 கூறிட்டால் ஒரு கலை. கலையை 60 கூறிட்டால் ஒரு விகலை. மத்தியப் பிரதேசத்தில் சிரோஞ்சு அருகேயுள்ள கலியான்பூருக்கும், அதற்கு வடக்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டரில், உத்தரப் பிரதேசத்திலுள்ள கலியானாவுக்கும் இடையே உள்ள அட்சரேகை வேறுபாட்டை ஜார்ஜ் எவரெஸ்ட் இருவகையில் அளந்து 1847இல் வெளியிட்டார். நிலத்தில் முக்கோணம் முக்கோணமாக அளந்து கண்டது ஒன்று. விண்மீன்களை நோக்கிக் கண்டது மற்றொன்று. இரண்டும் 5 விகலைக்குச் சற்று மேல் வேறுபட்டன. தரையில் அது சுமார் 160 மீட்டர். விண்மீன் நோக்குவோர் செங்குத்தைத் தூக்குக்குண்டிடமே கேட்கின்றனர். அக்குண்டையோ இமயமலை தன்பால் சிறிது இழுக்கிறது. கல்கத்தாவிலிருந்த பாதிரியார் பிராட் மலையின் எடையை மதிப்பிட்டுக் கணக்கிட்டார். எதிர்பார்க்க வேண்டிய வேறுபாடு ஏறக்குறைய 16 விகலை என வந்தது! மலை ஏன் தன் எடைக்குத் தக்கபடி இழுக்கவில்லை? மலையின் அடியில் கனம் குறைந்த வேர் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும் என்று 1855இல் விளக்கம் தந்தார் ஏரி என்னும் வானியலார். தூக்குக்குண்டின் சிறு கோணல், பூமியின் உட்புறத்தைப் பற்றிய ஒரு பெரிய கருத்துக்கு வழிகாட்டியது.

இவற்றை நாம் இப்போது பேசக் காரணம் உண்டு. மகாராஷ்டிரத்து ஹிங்கோலி மாவட்டத்தில், ஔண்டா அருகே, ஈர்ப்பலைகளை உணரும் லைகோ நிலையம் அமைக்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூலைமட்டம் போல ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் அமையும் இரு கரங்கள்; ஒவ்வொன்றும் 4 கிலோமீட்டர். காற்று நீக்கிய குழாயினூடே லேசர் ஒளி செல்ல வேண்டும். ஒளிக்கு மட்டம் தெரியாது, நேர்தான் தெரியும். தரையை மட்டம் பார்த்துக் குழாயைப் பதித்தால், இரு முனைகளையும் இணைக்கும் நேர்க்கோடு நடுவிடத்தில் அதற்கு 31 சென்டிமீட்டர் கீழே ஓடும்!

அமெரிக்காவில் முன்னரே அமைந்த இரு லைகோ நிலையங்களில் இதற்கு ரசமட்டத்தை நம்பவில்லை. செயற்கைக்கோள்களின் வானொலிக் குறிகளைக் கொண்டே கரங்களை நேர்ப்படுத்தினர். அக்குறிகள் தரும் இடக்கணக்கு பூமியின் மையத்தினின்று தொடங்குவது. நீர்ப்பரப்பின் வளைவு அதில் புகுவதில்லை. அந்நிலையங்களே 2015 செப்டம்பர் 14 அன்று முதன்முதலாக ஈர்ப்பலையை உணர்ந்தன.

அங்கும் தூக்குக்குண்டு மறையவில்லை என்பது விந்தை. ஒளியைத் திருப்பும் 40 கிலோகிராம் கண்ணாடிகள் மெல்லிய கண்ணாடி இழைகளில் ஊசல் போலத் தொங்குகின்றன. அவை ஒவ்வொன்றும் ஒரு தூக்குக்குண்டே. ஆனால் ஒரு கரத்தின் இரு முனைகளிலும் தூக்குக்கோடுகள் இணையாகா. இரண்டும் பூமியின் மையத்தை நோக்குவதால் அவற்றிடையே சுமார் 130 விகலைக் கோணம் உண்டு. தத்தம் தூக்கிற்கு விட்டுவிட்டால் கண்ணாடிகள் ஒன்றையொன்று நேர்நோக்கமாட்டா. தூக்கினின்று வேண்டிய அளவு சாய்த்தே அவற்றை நிறுத்த வேண்டும்.

ஹிங்கோலி போன்ற களத்தில் பல மொழி பேசுவோர் கூடி உழைப்பர். வரைபடத்தின் ஓரத்துக் குறிப்பு தமிழில் எழுதப்படும்போது, கிடைநிலைக்கு ‘மட்டம் பார்த்தல்’, செங்குத்துக்கு ‘தூக்குப் பார்த்தல்’, ஒளிவழிக்கு ‘நேர்ப்படுத்தல்’ என மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும் என்பது நம் கருத்து. முதலிரண்டும் கொத்தனார் நமக்குத் தந்தவை. மூன்றாவதற்கு அவருடைய நூற்கயிறு ஒரு சுவரின் நீளத்திற்கு மட்டுமே உதவும்; 4 கிலோமீட்டர் கட்டினால் அது தன் எடையாலேயே தொய்ந்துவிடும்.