வீட்டு விலையில் அடங்கிய பள்ளிக்கூடம்



தலைநகரின் எல்லையைக் கடந்து, ஹரியானாவில் எழுந்துள்ள புதுக் குடியிருப்புகளில் நம்மவர் பலர் வீடு வாங்கிக் குடியேறியிருக்கின்றனர். அண்மையில் அத்தகைய குடியிருப்பொன்றில் நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். எதிரே முள்வேலியிட்ட வெற்று மனை; அதில் எருக்கும் கருவேலமும் மண்டிக் கிடந்தன. பள்ளிக்கூடத்துக்கென ஒதுக்கிய இடம் என்னும் பலகை மட்டும் நின்றது. நண்பரின் மகளோ நாள்தோறும் ஒரு மணி நேரம் பேருந்தில் சென்று படித்து வருகிறாள். "யாரேனும் பணம் கொடுத்தாலன்றோ பள்ளி எழும்பும்?" என்றார் நண்பர். அப்பணத்தைத் தாமே கொடுத்துவிட்டதை அவர் அறியவில்லை.

ஹரியானாவில் 1975-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நகர்ப்புற வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, குடியிருப்பை அமைப்பவர் உரிமம் பெற வேண்டும். வெளிச்சாலை, குடிநீர், கழிவுநீர் முதலியவற்றுக்கென வளர்ச்சிக் கட்டணம் செலுத்த வேண்டும். அன்றியும், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஒதுக்கிய நிலத்தில் அவற்றைத் தம் செலவில் கட்டவோ, பிறரைக் கொண்டு கட்டுவிக்கவோ அவர் கடமைப்பட்டவர். குறித்த காலத்துக்குள் கட்டாவிடில் அந்நிலம் விலையின்றி அரசாங்கத்தைச் சேரும். இச்செலவெல்லாம் அவர் கைப்பொருளன்று. சதுர அடி விலையில் கலந்து, வாங்குவோர் தலையில் வந்து விடிகிறது.

இத்தகைய ஏற்பாடு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து மக்கள் 1978-இல் வாக்களித்து, சொத்து வரியைச் சொத்தின் மதிப்பில் நூற்றுக்கு ஒன்று என வரையறுத்தனர். பள்ளிகளின் வருவாய் சுருங்கிற்று. புது வீடுகளோ பெருகின. ஆதலின் 1986-இல் ஒரு சட்டம் வந்தது. புதிய வீட்டின் சதுர அடி ஒன்றுக்கு ஒன்றரை டாலர் வரையிலும், வணிகக் கட்டடத்துக்குக் கால் டாலர் வரையிலும் பள்ளி நிர்வாகம் வசூலிக்கலாம் என்றாயிற்று. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 1,500 டாலர்! செலுத்தியதற்குச் சான்று காட்டாமல் கட்டட அனுமதி கிடையாது. முதியோர் மட்டுமே வாழும் குடியிருப்புகளுக்கு வணிகக் கட்டட வீதமே போதும். பிள்ளைகள் இல்லாத இடத்தில் பள்ளிக்குச் சுமை ஏது? இவ்வீதங்கள் பின்னர் உயர்ந்தன. ஆனால் வசூலாகும் தொகை கட்டடத்துக்கே உரியது. ஆசிரியர் ஊதியத்துக்கு ஆகாது.

இதில் ஒரு குறை உண்டு. பழைய வீட்டார் படித்த பள்ளியை ஊரார் அனைவரும் வரி கொடுத்துக் கட்டினர். புதிதாக வருபவரோ தம் பள்ளிக்குத் தாமே பணம் கட்டுகிறார். ஊர்விட்டு ஊர் வந்த நாம் எங்கும் புதியவர்கள்தாமே! மகாராஷ்டிரத்தில் 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நகரக் கட்டடங்கள் மீது கல்வி மேல்வரி வாங்குகிறார்கள்; புதியது, பழையது என்னும் பேதம் அதில் இல்லை. பம்பாயில் வாழும் நேயர்கள் தங்கள் வரிச் சீட்டிலேயே அதனைக் காணலாம். நாளடைவில் பள்ளியை நடத்துவதற்கு அம்முறையே தக்கது என்பது நம் கருத்து. எனினும், வீடுகள் நெருங்கிவிட்ட பின்னர் எத்துணை மேல்வரி வாங்கினாலும் பள்ளிக்கு நிலம் அகப்படுவது அரிது. நிலத்தை முதலிலேயே கேட்டு வாங்குவதில் தவறில்லை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொல் உறுத்துகிறது. வரி வேறு, கட்டணம் வேறு. சென்னை ராஜ்யத்திலிருந்து சென்ற சீரூர் மடம் வழக்கில் 1954-இல் உச்சநீதிமன்றம் இவ்வேறுபாட்டை விளக்கிற்று: வரிக்குக் குறிப்பிட்ட கைம்மாறு இல்லை, கட்டணத்துக்கோ உண்டு. பிற்காலத் தீர்ப்புகள் அதனைச் சற்றுத் தளர்த்தியிருப்பினும், பள்ளியைக் காட்டி விலையை ஏற்றியவர் பள்ளியைக் காட்டத்தானே வேண்டும்?

வீடு வாங்கக் கருதும் அன்பர்கள், அங்கீகரிக்கப்பட்ட மனை வரைபடத்தில் பள்ளி இடம் எது, அதனைக் கட்டுவதற்குக் கெடு எது என்பவற்றை முன்கூட்டியே கேட்டறிதல் நன்று. வாங்கிவிட்டவர்கள் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் நகரமைப்புத் துறையிடம் கேட்கலாம். நண்பரும் அவ்வாறே மனு ஒன்றை எழுதி முடித்திருக்கிறார். அதனை இந்தியில் ஆக்கித் தரும் பொறுப்பு நம்முடையது.