சாய்ஸ் ஃபில்லிங்: பட்டியல்ல முதல் வரி எது?

இந்த எபிசோடு பிளஸ் டூ படிக்கிறவங்களுக்கு. கேட்கிறவங்கள்ல பாதிப் பேர் சென்னையிலயும் பெங்களூர்லயும் வேலை பார்க்கிற ஆளுங்கன்னு தெரியும். பரவாயில்லை, நீங்களும் கேளுங்க. மே மாசம் ரிசல்ட் வந்ததும் அத்தை வீட்ல இருந்து போன் உங்களுக்குத்தான் வரும்: "தம்பி, பிள்ளைக்கு ஒரு காலேஜ் லிஸ்ட் போட்டுக் கொடுப்பா."

அந்த லிஸ்ட்டைப் பற்றித்தான் இன்னைக்குப் பேச்சு.

தமிழ்நாட்டுல இன்ஜினியரிங் சேர 2007-ல இருந்து நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மார்க்தான். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப். அதை வெச்சு ரேங்க். அதுக்கப்புறம் சுற்று சுற்றா ஆன்லைன் கலந்தாய்வு. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவுன்னு நீங்க வரிசையா எழுதிக் கொடுக்கணும். இதுதான் சாய்ஸ் ஃபில்லிங்.

நான் சாஃப்ட்வேர் ஆளு, அதனால இதை ஒரு லூப்பாத்தான் பார்ப்பேன். ரேங்க்ல முதல் ஆளை எடுக்கும். அவரோட பட்டியல்ல முதல் வரி காலியா இருக்கா? இருந்தா கொடுத்துட்டு நிறுத்திடும். இல்லைன்னா இரண்டாவது வரி, மூணாவது வரி. முடிஞ்சதும் அடுத்த ஆள். அவ்வளவுதான் விஷயம். உங்க முறை வரும்போது, உங்களுக்கு முன்னாடி ரேங்க்ல இருக்கிறவங்க எடுத்தது போக மிச்சம் இருக்கும். அதுல உங்க பட்டியல்ல எது மேலே இருக்கோ அது உங்களுக்கு.

இதுல இருந்து ரெண்டு விஷயம் வருது. ஒண்ணு, கிடைக்காதுன்னு தோணுற இடத்தை மேலே எழுதினா நஷ்டமே இல்லை. கீழே எழுதின சீட்டு அதனால பறிபோகாது. ரெண்டாவது, கண்டிப்பா கிடைக்கும்னு தெரிஞ்ச இடத்தை மேலே எழுதினா, லூப் அங்கேயே நின்னுடும். அதுக்குக் கீழே தங்கமே இருந்தாலும் எட்டிப் பார்க்காது.

எங்க சித்தி மகள் காரைக்குடியில அரசுப் பள்ளியில பிளஸ் டூ. காலாண்டு மார்க்கை வெச்சு ஒரு பிரவுசிங் சென்டர்ல பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்காங்க. எல்லாமே போன வருஷக் கட்-ஆஃப் வரிசை. "கன்ஃபார்மா கிடைக்கும்"னு சொன்ன காலேஜ் முதல் வரியில. அவளுக்குப் பிடிச்ச காலேஜ் பதினோராவது வரியில. "ஏன் இப்படி?"ன்னு கேட்டேன். "ரிஸ்க் வேணாம்னு சொன்னாங்க அண்ணே." அந்த வரிசையில எழுதினாத்தான் ரிஸ்க்குன்னு பேப்பர்ல ஆறு பேரை வெச்சு லூப்பை ஓட்டிக் காட்டினேன். ரெண்டாவது தடவை அவளே ஓட்டிட்டா.

அப்வர்டு விஷயமும் இதுதான். ஒரு சீட் ஒதுக்கி வந்ததும், "ஏத்துக்கிறேன், மேலே கிடைச்சா மாறிக்கிறேன்"னு சொல்லலாம். சிலர் பணம் கட்டாம, சேராம விட்ட இடம் காலியாகும். அப்போ நீங்க மேலே ஏறுவீங்க. ஆனா நீங்க எழுதின பட்டியல்ல இதுக்கு மேலே இருக்கிற வரிக்கு மட்டும்தான்.

சரி, வரிசை விருப்பப்படி இருக்கணும்னா, விருப்பம் எங்கே இருந்து வரும்? உண்மையான சிக்கல் இங்கேதான். பதினேழு வயசுப் பிள்ளை எந்த வேலையைக் கண்ணால பார்த்திருக்கு? ஆசிரியர், டாக்டர், போலீஸ், பேங்க். அப்புறம் லேப்டாப்போட ஊருக்கு வர்ற எங்களை மாதிரி அண்ணன்மார். அதனால முதல் வரி கம்ப்யூட்டர் சயின்ஸ்.

செட்டிநாட்டுல ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. பர்மா, மலேயாவுல வட்டிக்கடை வெச்சிருந்த நகரத்தார் வீடுகள்ல பையன்களைச் சின்ன வயசுலயே கடைக்கு அனுப்பிடுவாங்க. போன உடனே ஏஜென்ட் ஆக முடியாது. முதல்ல பெட்டியடிப் பையன். கணக்கு எழுதுறது, வர்ற ஆளைக் கவனிக்கிறதுன்னு வேலையைப் பக்கத்துல இருந்து பார்த்துத்தான் மேலே வரணும். அந்தத் தொழிலுக்குப் புகழ்பாட நான் வரலை. பர்மா விவசாயிகளோட நிலம் எப்படிக் கைமாறிச்சுங்கிறது தனி எபிசோடு. தவிர, அது ஒரு சமூகத்தோட ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைச்ச வாய்ப்பு. ஆனா வேலையைப் பார்த்துட்டு வேலைக்குப் போனாங்க. நாம பார்க்காமலே நாலு வருஷத்தை எழுதிக் கொடுக்கிறோம்.

அதே ஊர்ல சிக்ரி இருக்கு. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல திறந்தது. பேட்டரி, துருப்பிடித்தல், மின்முலாம் எல்லாம் அங்கே ஆராய்ச்சி. உப்புக்காத்து இரும்பை என்ன செய்யுதுன்னு பார்க்க மண்டபத்துல ஒரு மையமே வெச்சிருக்காங்க. இன்னைக்கு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஓட்டுற எல்லாரும் பேசுறது பேட்டரியைத்தானே? அங்கேயே பி.டெக். வேதி மற்றும் மின்வேதிப் பொறியியல் படிக்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச படிப்பு, இதே கலந்தாய்வு வழியாத்தான் சேர்க்கை. சித்தி மகள் அந்த மதில் சுவரை ஒட்டித்தான் சைக்கிள்ல ஸ்கூல் போறா. உள்ளே படிப்பு இருக்குன்னு அவளுக்குத் தெரியாது. பிரிண்ட் அவுட்ல அது இல்லவே இல்லை.

எல்லாரும் சிக்ரியில சேருங்கன்னு சொல்லலை. வேதியியல் பிடிக்காதவங்க தயவுசெய்து போகாதீங்க. நான் சொல்றது, போய்ப் பாருங்க. செப்டம்பர் 26 சிஎஸ்ஐஆர் நிறுவன நாள். அதை ஒட்டி ஆய்வகங்களைப் பொதுவா மாணவர்களுக்குத் திறந்து விடுவாங்க. அரசுப் பள்ளிகள்ல 'நான் முதல்வன்' திட்டத்துல 'கல்லூரிக் கனவு' நடக்குது. நல்ல விஷயம்தான், ஆனா ஹால்ல உட்கார்ந்து ஸ்லைடு பார்க்கிறதோட நிறுத்தாதீங்க. அரையாண்டு லீவுல பக்கத்துல இருக்கிற ஒர்க்‌ஷாப், ஆஸ்பத்திரி லேப், கட்டடம் கட்டுற இடம் எதுக்காவது ஒரு நாள் போங்க. அங்கே இருக்கிறவங்ககிட்ட "சம்பளம் எவ்வளவு"ன்னு மட்டும் கேட்காம, "நேத்து காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் என்ன செஞ்சீங்க"ன்னு கேளுங்க. அந்தப் பதில்தான் உங்க பட்டியலோட வரிசையை மாத்தும்.

பதினொண்ணாம் வகுப்புக்காரங்களுக்கு ஒண்ணு. கட்-ஆஃபுக்கு அந்த மார்க் சேராதுன்னு பல ஸ்கூல்ல அந்தப் பாடத்தைத் தள்ளிட்டு நேரா பிளஸ் டூ புத்தகத்தைத் திறக்கிறாங்க. நீட், ஜேஇஇ ரெண்டுலயும் பதினொண்ணாம் வகுப்புப் பாடத்துல இருந்தும் கேள்வி வரும். காலேஜ் முதல் செமஸ்டர் கணக்கும் அது மேலேதான் நிக்குது.

பேப்பர் வேலையை இப்பவே முடிங்க. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்ல யாரும் பட்டம் வாங்கலைன்னா முதல் பட்டதாரி சான்றிதழ். ரிசல்ட் வந்த வாரம் இ-சேவை மையத்துல கூட்டம் தாங்காது. ஆறாம் வகுப்புல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளின்னா 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அந்தச் சீட்டுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டும். விண்ணப்பத்துல அந்த விவரத்தைச் சரியா நிரப்புங்க. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன்னு மாசம் ஆயிரம் ரூபாய் தனி. ஹாஸ்டல்ல தங்கிப் படிக்க வைக்க வசதியில்லைன்னு பக்கத்து ஊர்க் காலேஜை முதல் வரியில போடுறதுக்கு முன்னாடி, இந்தக் கணக்கை அப்பா அம்மாவோட உட்கார்ந்து ஒரு தடவை போட்டுப் பாருங்க.

கலை அறிவியல் கல்லூரி சேர்க்கை வேற மாதிரி நடக்கும். அதை அடுத்த வாரம் பேசலாம். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. கட்-ஆஃபை மட்டும் அனுப்பாதீங்க, என்ன பிடிக்கும்னும் சேர்த்துச் சொல்லுங்க.