மலை இறங்கும் முன் வண்டியைத் தெரிந்துகொள்வோம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பாலிடெக்னிக்கில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நம் குடியிருப்பு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக வெளியிடுகிறோம்.)



கோடை விடுமுறை நெருங்கிவிட்டது. மதுரையில் இருக்கும் நமக்கு வெயில் ஏறினால் கொடைக்கானல்தான். காலையில் இட்லியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு ஏரிக்கரையில் இருக்கலாம். நம் பார்க்கிங்கில் நிற்கும் வண்டிகளில் பாதிக்கு மேல் கடந்த நான்கைந்து வருடங்களில் வாங்கியவை. அவற்றில் இருக்கும் பொத்தான்களில் எத்தனை எதற்கு என்று நமக்குத் தெரியும்? இதை உங்களைக் குறை சொல்லக் கேட்கவில்லை. முதல் குற்றவாளி நான்தான். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன வருடம் புது ஆட்டோமேட்டிக் வண்டியில் குடும்பத்தோடு கொடைக்கானல் போனேன். வண்டி வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஏறும்போது ஒரு சிரமமும் இல்லை. இறங்கும்போது கியரை 'டி'யில் போட்டுவிட்டு, வேகம் கூடும்போதெல்லாம் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். ஊத்து தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின் சீட்டிலிருந்து பேத்தி, "தாத்தா, ஏதோ கருகுற வாசனை வருது" என்றாள். வெளியே யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்றேன். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தபோது வழக்கத்தைவிட ஆழமாக உள்ளே போனது. வண்டி நின்றது; ஆனால் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. எதிரே ஏறி வந்த வேன்காரர் சுதாரித்து ஒதுங்கியதால் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

மெதுவாக டம் டம் பாறை வரை வந்து ஓரம் கட்டினேன். முன் சக்கரங்களின் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு அனல். டீக்கடையில் நின்றிருந்த ஒரு பஸ் டிரைவர் வந்து பார்த்தார்.

"எந்தக் கியர்ல எறங்குனீங்க சார்?"

"இது ஆட்டோமேட்டிக் வண்டிங்க."

"அதுலயும் கியர் இருக்கும்ல சார்? எந்தக் கியர்ல ஏறுனோமோ அதே கியர்லதான் எறங்கணும்."

வண்டியில் கியர் லிவருக்குப் பக்கத்தில் 'எம்' என்று எழுதியிருப்பதை எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எதற்கென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். வகுப்பில் முப்பது வருடம் இன்ஜினைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான்!

பிரேக்குக்கு நாம் கொடுக்கும் வேலை

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வத்தலகுண்டு வரும்போது ஏறக்குறைய 1,800 மீட்டர் கீழே இறங்குகிறோம். ஆட்களோடும் பெட்டிகளோடும் சேர்த்து வண்டி 1,500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல், சுமார் 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அதே வண்டியை முழுவதுமாக நிறுத்துவதை எழுபது தடவை செய்வதற்கு அது சமம். இதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதையும் பிரேக்கின் தலையில் கட்டினால் அது என்ன செய்யும்? தட்டு சூடேறிப் பேடின் பிடிப்பு குறைகிறது. அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கும் போகிறது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் திரவம். ஈரம் சேர்ந்துவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் வரும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான்.

ஆகவே இறக்கத்தில் வேகத்தைப் பிடித்து வைக்க வேண்டியது இன்ஜின். பிரேக் அதற்குத் துணை. கியர் வண்டியில் இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக்கில் 'எம்' நிலைக்குத் தள்ளி, கழித்தல் குறிப் பக்கம் தட்டிக் கியரைக் குறையுங்கள். சில வண்டிகளில் 'எல்' அல்லது 'எஸ்' என்று இருக்கும். சிலவற்றில் ஸ்டீயரிங்கின் பின்னால் காது மாதிரி இரண்டு தகடுகள் இருக்கும். இடது பக்கத் தகடு கியரைக் குறைக்கும். இன்ஜின் கொஞ்சம் இரையும். பயப்படாதீர்கள், அது வேலை செய்கிற சத்தம். பிரேக்கை வளைவுக்கு முன் நன்றாக அழுத்திவிட்டு விட்டுவிடுங்கள். தொடர்ந்து காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே வரக் கூடாது.

நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். இன்றைய வண்டிகளில் அது நேர்மாறு. கியரில் இருந்துகொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க எரிபொருள் செலவாகும், பிடிப்பும் இருக்காது. ஓடும் வண்டியில் இன்ஜினை அணைப்பது அதைவிட மோசம். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

மின்சார வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வண்டியில் மோட்டாரே பிரேக் போட்டுப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும். இறக்கத்துக்கு அருமையான வசதி. ஆனால் பேட்டரி நிரம்பியிருந்தால் அந்தச் சக்தியைப் போட்டு வைக்க இடம் இல்லை. மோட்டாரின் பிடிப்பு குறைந்துவிடும். அதனால் கொடைக்கானலில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள். எண்பது போதும், இறங்கும்போது தானே ஏறும்.

தெரியாமலே நம்மைக் காப்பவை

ஏபிஎஸ் எல்லோருக்கும் கேட்ட பெயர். திடீரென்று அழுத்திப் பிரேக் பிடித்தால் காலுக்கடியில் பெடல் படபடவென்று அதிரும். பலர் ஏதோ உடைந்துவிட்டது என்று காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது. சக்கரம் சிக்கிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்கிறது. நீங்கள் அழுத்திக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பி விலகலாம், அதற்காகத்தான் ஏபிஎஸ். மணல், சரளை கிடக்கும் இடத்தில் நிற்கும் தூரம் குறையும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

வண்டியும் அதன் பின்னால் வளைந்த இரண்டு கோடுகளும் மஞ்சளாக மின்னினால் அது ஈஎஸ்பி. சக்கரம் வழுக்குகிறது, நான் பிடிக்கிறேன் என்கிறது. வேகத்தைக் குறையுங்கள். பக்கத்தில் அதை அணைக்கும் பொத்தான் இருக்கும். மலையில் அதைத் தொட வேண்டாம்.

ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது ஹில் ஹோல்ட் வண்டியைப் பின்னால் உருளாமல் பிடிக்கும். இரண்டு மூன்று வினாடிதான். வெள்ளி அருவி பக்கம் வரிசையில் நிற்கும்போது அதை நம்பிப் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு அருவியைப் பார்க்காதீர்கள். நின்றால் ஹேண்ட் பிரேக்.

சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் அண்ணன் தம்பி மாதிரி. பெல்ட் போட்டவருக்குத்தான் ஏர்பேக் பாதுகாப்பு. போடாதவர் முன்னால் பாயும் நேரத்தில் அது வெடித்து விரிந்தால் அதுவே அடிதான். சத்தம் வருகிறதே என்று வெறும் கொக்கி வாங்கிச் செருகி வைத்திருப்பவர்கள் நம் பார்க்கிங்கிலும் இருக்கிறார்கள். தயவுசெய்து இன்று இரவே எடுத்துவிடுங்கள். பின் சீட்டுக்காரர்களுக்கும் பெல்ட் கட்டாயம். போடாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். குழந்தையை மடியில் வைத்து முன் சீட்டில் உட்காருவது பாசம் மாதிரித் தெரியும். மோதலில் அந்தக் குழந்தைதான் உங்களுக்கும் ஏர்பேக்குக்கும் நடுவில் இருக்கும்.

80 கிலோமீட்டரில் விட்டுவிட்டு ஒலித்து, 120இல் விடாமல் கத்தும் எச்சரிக்கையைப் பற்றி எங்கள் பிளாக்கில் ஒருவர் கேட்டார். அது பழுது அல்ல. 2019 ஜூலை முதல் தயாராகும் கார்களில் சட்டப்படி இருக்க வேண்டியது. ஓட்டுநர் ஏர்பேக்கும் பின்னால் உள்ள பார்க்கிங் சென்சாரும் அப்படி வந்தவைதான்.

கேமராவுக்குத் தெரியாத சாலை

இப்போது ஏடாஸ் என்று ஒன்று வந்திருக்கிறது. கண்ணாடிக்கு மேலே ஒரு கேமரா, முன்னால் ஒரு ரேடார். முன்னே போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகம் குறைக்கும். கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கை இழுக்கும். நான்குவழிச் சாலையில் நல்ல துணை. மலைச் சாலையில் அப்படி இல்லை.

கோடு பார்த்துத்தான் அது பாதையை அறிகிறது. நம் மலைச் சாலையில் பல இடங்களில் கோடு அழிந்திருக்கும், பள்ளத்தை ஒதுக்க நாம் விலக வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங் உங்களோடு மல்லுக்கட்டும். ரேடார் நேராகப் பார்க்கும். வளைவில் முன்னே போன வண்டி அதன் பார்வையிலிருந்து மறைந்தால், சாலை காலி என்று நினைத்து க்ரூஸ் கன்ட்ரோல் வேகம் கூட்டலாம். வளைவின் பாறையையோ எதிரே வருவதையோ பார்த்துக் காரணமில்லாமல் பிரேக் போடவும் கூடும். மூடுபனியில் கேமராவுக்கும் நம் கண் அளவுதான் தெரியும். ஆகவே வத்தலகுண்டு தாண்டியதும் க்ரூஸ் கன்ட்ரோலையும் பாதைக் காப்பையும் அணைத்துவிடுங்கள். எப்படி அணைப்பது என்பதை மலையில் தேடாமல் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெருமாள்மலைக்கு மேல் பனி இறங்கினால் லோ பீமும் ஃபாக் விளக்கும் போடுங்கள். ஹை பீம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே அடிக்கும். நான்கு இண்டிகேட்டரையும் மின்னவிட்டு ஓட்டாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. கண்ணாடியின் உள்பக்கம் பனித்தால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்ட வேண்டாம். ஏசியைப் போட்டு, விசிறி வடிவக் கண்ணாடிப் படத்தின் மேல் அலை போட்ட பொத்தானை அழுத்துங்கள். காருக்குள் வட்டமடிக்கும் அம்புக்குறி போட்ட பொத்தானை அணையுங்கள். குளிர்கிறதே என்று ஏசியை அணைத்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஏசி ஓடினால்தான் ஈரம் போகும். சூட்டைக் கூட்டி வைத்துக்கொள்ளலாம்.

கிளம்பும் முன்

பழனி வழியாகப் போகிறவர்கள் கவனியுங்கள், அந்தச் சாலை குறுகியது. இடம் போதாத சரிவில் இறங்குபவர்தான் நின்று ஏறுபவருக்கு வழிவிட வேண்டும். 2017ஆம் ஆண்டின் மத்திய ஓட்டுநர் விதிகளில் இது எழுத்திலேயே இருக்கிறது. 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் முறையும் வந்திருக்கிறது. கிளம்பும் முன் அப்போதைய நடைமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால்? பதற வேண்டாம். பெடலை வேகமாக நாலைந்து முறை மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். பொத்தான் வகையாக இருந்தால் பல வண்டிகளில் விடாமல் இழுத்துப் பிடித்தால் நிற்கும். பள்ளத்தின் பக்கம் போகாமல் மலையின் பக்கம் ஒட்டுங்கள். நின்ற பிறகு சூடான சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், தட்டு கோணிவிடும். அரை மணி நேரம் ஆற விடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு நம் பார்க்கிங்கில் இருப்பேன். வண்டியோடு வந்த கையேட்டை எடுத்து வாருங்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தாலும் பரவாயில்லை. கியரைக் கையால் குறைப்பது, கண்ணாடிப் பனி போக்குவது, பாதைக் காப்பை அணைப்பது, ஹேண்ட் பிரேக், விளக்குகள், இந்த ஐந்தையும் அவரவர் வண்டியில் தொட்டுப் பார்ப்போம். வண்டி ஓட்டாத வீட்டுக்காரர்களும் வாருங்கள். கருகுகிற வாசனை வருகிறது என்று பக்கத்தில் இருப்பவர்தான் முதலில் சொல்லப்போகிறார். அப்படிச் சொன்னால், என்னைப் போல வெளியே குப்பை எரிகிறது என்று சொல்லாமல், ஓரம் கட்டுங்கள்.

பத்திரமாகப் போய் வாருங்கள்.