ஐயம் என்னும் நோய்

ஐயுறுதல் மனிதனுக்கு இயல்பு. ஆயின், சுற்றியிருப்போர் அனைவரும் தனக்கெதிராகச் சதி செய்கின்றனர் என ஒருவன் உறுதியாக நம்பிவிட்டால், அவனோடு வாதிட்டுப் பயனில்லை. மறுத்துரைப்போரும் அச்சதியிற் பங்காளிகளாகவே அவனுக்குத் தோன்றுவர். அத்தகைய உள்ளத்தை அணுகும் வழி யாது?

யேர்மனியிலே டானியல் போல் சிரேபர் என்றொரு நீதிபதி இருந்தார். 1893ஆம் ஆண்டு டிரெஸ்டன் நகரில் உயர்பதவி ஏற்றுச் சின்னாளில் அவர் மனநோயுற்றார். முன்னொருமுறை தம்மைக் குணப்படுத்திய வைத்தியர் பிளெக்சிக்கே இப்பொழுது தமது ஆன்மாவைக் கொல்ல முயல்கின்றார் என அவர் நம்பினார். நன்றிக்குரியவரே பகைவராகிவிட்டார்! அவ்வனுபவங்களை அவர் 1903இல் நூலாக வெளியிட்டார்.

அந்நூலைக் கற்ற சிக்மண்ட் புரொய்ட், சிரேபரை நேரிற் காணாமலே, 1911இல் ஓர் ஆய்வு எழுதினார். நோயெனப் பிறர் கருதும் பொய்ந்நம்பிக்கை, உண்மையில் இடிந்துபோன உலகை மீளக் கட்டியெழுப்ப உள்ளம் செய்யும் முயற்சியே என்றார் அவர். நோயின் காரணம் பற்றி அவர் கூறியவற்றை இன்று பலர் ஏற்பதில்லை. இக்கருத்தோ இன்றும் சிந்தனைக்குரியது. எனினும், இத்தகையோர் வைத்தியரிடம் பற்றுக் கொள்ளாராதலின் உளப்பகுப்புச் சிகிச்சை இவர்களுக்குப் பயன்படாதென்றே புரொய்ட் எண்ணினார்.

அவ்வெண்ணத்தை ஏற்காதவர்களுள் ஒருவர் பிரீடா புரொம் ரைக்மன் அம்மையார். யேர்மனியை விட்டு அமெரிக்கா சென்ற அவர், 1935 முதல் 1957இல் மறையும் வரை மேரிலாந்திலுள்ள செஸ்நட் லொட்ஜ் வைத்தியசாலையிற் பணிபுரிந்தார். நோயாளியின் நம்பிக்கையை ஆமெனவும் கூறாது, இகழ்ந்து தள்ளவும் செய்யாது, அதன் அடியிலுள்ள அச்சத்தையும் தனிமையையும் செவிமடுப்பதே அவர் கைக்கொண்ட நெறி.

அந்நெறியின் எல்லையையும் மறைத்தலாகாது. அவ்வைத்தியசாலையில் நெடுங்காலம் தங்கிய நோயாளரைப் பின்தொடர்ந்து 1984இல் வெளியான ஆய்வு, கடும் மனப்பிளவு நோயாளருட் பெரும்பாலோர் நன்கு தேறவில்லையெனக் காட்டிற்று. அத்தகையோருக்கு இன்று மருந்தே சிகிச்சையின் அடிப்படை. உரையாடற் சிகிச்சை அதற்குத் துணை.

ஆயினும் அம்மையாரின் பாடம் வீட்டாருக்கும் உரியது. “யாரோ என்னைப் பின்தொடர்கின்றனர்” என ஒருவர் நடுங்கும்போது, “பைத்தியமா?” என நகைப்பதும் தவறு, “ஆம், உண்மைதான்” எனத் தலையசைப்பதும் தவறு. “அஞ்சுகிறீர் என்பது தெரிகின்றது, நான் அருகில் இருக்கின்றேன்” என்று கூறி, பொய்யுரைத்து ஏமாற்றாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதல் நன்று. ஏமாற்றி அழைத்துச் சென்றால், அவரது ஐயத்துக்கு நாமே சான்று அளித்தவராவோம்.