கயிற்றில் இறங்கும் கருவியும் கைப்பழக்கமும்

குகை என்றதும் நம் நினைவுக்கு வருவது பத்துமலை. அங்கே 272 படிகள் ஏறினால் குகைக்குள் நுழைந்துவிடலாம். ஆனால் எல்லாக் குகைகளுக்கும் படிகள் இல்லை. கிணறு போன்ற செங்குத்துப் பள்ளங்கள் சில குகைகளில் குறுக்கிடும். அங்கே கயிறுதான் வழி. சரவாக்கின் முலு மலைக் குகைகளைப் போன்ற இடங்களைக் காணும் ஆவல் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் உண்டு. ஆகவே, கயிற்றில் இறங்கும் கருவியைப் பற்றி இன்று தெரிந்துகொள்வோம்.

முரட்டு மாட்டை வெறுங்கையால் இழுத்துப் பிடிக்க முடியாது. அதன் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால், சிறுவன்கூடப் பிடித்துக்கொள்வான். இழுப்பின் பெரும்பகுதியை உராய்வு தாங்கிக்கொள்கிறது. இறங்கும் கருவியின் தத்துவமும் இதுவே. இடுப்புக் கச்சையில் பூட்டிய கருவிக்குள் கயிறு வளைந்து செல்லும். கீழே தொங்கும் கயிற்றை ஒரு கை பிடித்து வேகத்தை அடக்கும்.

இவற்றுள் மூன்று வகைகளை அறிந்தால் போதும். முதலாவது, எட்டு வடிவ வளையம். எளியது, விலை குறைந்தது. ஆனால் கயிற்றை முறுக்கிவிடும். மேலும், கயிற்றை மாட்டும்போது பெரும்பாலும் அதைக் கச்சையிலிருந்து கழற்ற வேண்டும். இருட்டில் கைதவறினால் போயிற்று.

இரண்டாவது, ஏணிபோல் குறுக்குக் கம்பிகள் உள்ள ‘ரேக்’. நீண்ட இறக்கத்துக்கு ஏற்றது. தொடக்கத்தில் கீழே தொங்கும் கயிற்றின் பாரமே வேகத்தைத் தடுக்கும். இறங்க இறங்க அந்தப் பாரம் குறையும், வேகம் கூடும். அப்போது இன்னொரு கம்பியைச் சேர்த்து வேகத்தைக் குறைக்கலாம்.

மூன்றாவது, இரண்டு உருளைகள் கொண்ட ‘பாபின்’. கச்சையிலிருந்து கழற்றாமலே கயிற்றை மாட்டலாம். இதில் ஒரு வகைக்குக் கைப்பிடி உண்டு. அழுத்தினால் இறங்கும், விட்டால் நிற்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பயந்த கை விரியாது, இறுகும்! விழுகிறோம் என்று பதறுகிறவர் கைப்பிடியை மேலும் அழுத்திவிடக்கூடும். ஆதலால் எந்தக் கருவியானாலும், கீழ்க்கயிற்றைப் பிடித்த கையை எடுக்கவே கூடாது.

எது சிறந்தது? நம் கயிற்றின் தடிப்புக்குப் பொருந்துவதும், நம் கை பழகியதுமே சிறந்தது. புதிதாகப் பால்வெட்ட வருபவர் எடுத்த எடுப்பில் இளமரத்தில் உளி வைப்பதில்லை. அதுபோல, முதலில் வெளிச்சத்தில், ஓர் ஆள் உயரத்தில், தேர்ந்த பயிற்றுநர் முன்னிலையில் பழக வேண்டும். இறங்குவதைவிட முதலில் நிற்கப் பழகுவதே முக்கியம். பாதிவழியில் நின்று, கயிற்றைக் கருவியில் கட்டி, இரு கைகளையும் விடும் முறையைக் கற்க வேண்டும். வேகமாக இறங்கினால் கருவி சூடேறி நைலான் கயிற்றைக் கெடுக்கும். கூந்தலையும் சட்டை நுனியையும் ஒதுக்கிக் கட்டுங்கள். கயிற்றின் நுனியில் முடிச்சு இருக்கட்டும். சேறு படிந்த கயிறு கருவியைத் தேய்க்கும். பள்ளம் விழுந்த கருவியை ஒதுக்கிவிடுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை அனுமதி கேட்டால் உடனே மறுக்க வேண்டாம். மூன்று கேள்விகள் கேளுங்கள். கற்றுக்கொடுப்பவர் யார்? கொண்டுபோகும் அதே கருவியில் பழகியாயிற்றா? காப்புக்கு இரண்டாவது கயிறு உண்டா? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்தபின் அனுப்பிவையுங்கள்.