குடிக்காமலே போதை

வாயில் சாராய நெடியோடு ‘குடிக்கலே’ என்பவரை யார்தான் நம்புவோம்?

டொராண்டோவில் 50 வயதுப் பெண்மணி ஒருவர். மத நம்பிக்கையால் மதுவையே விட்டவர். நாக்குக் குழறி, தூக்கம் சொக்கி, இரண்டு வருடங்களில் ஏழு முறை அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். ஏழாவது முறைதான் ஒரு டாக்டருக்கு ‘ஆட்டோ ப்ரூவரி சிண்ட்ரோம்’ ஞாபகம் வந்தது. (2024-ல் கனடிய மருத்துவச் சங்க இதழில் வந்த விவரம்.)

சிறுநீர்த் தொற்றுக்காக அடிக்கடி சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக், குடலின் நல்ல கிருமிகளைக் குறைத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் பூஞ்சை பெருகி, சாப்பிட்ட மாவுச்சத்தை ஊறலாக்கிவிட்டது! பூஞ்சைக்கு மாத்திரை, மாவுச்சத்து குறைந்த சாப்பாடு, தொல்லை அடங்கியது.

நம் செட்டில் டாக்டர்கள் நிறைய. சோதனை ஒன்றும் பெரிய வித்தையில்லை: வெளியிலிருந்து எதுவும் போகாதபடி கண்காணிப்பில் வைத்து, குளுக்கோஸ் கொடுத்து, சில மணிக்கொரு தடவை ரத்தத்தில் ஆல்கஹால் ஏறுகிறதா பாருங்கள்.