கேட்டதைச் சொல்லுதல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

இசையைப் பற்றிப் பேச வேண்டுமென்று செயலாளர் பணித்தபோது, பாடத் தெரிந்தவர்கள் பலர் இச்சபையில் இருக்க, ரயில்வேயில் கணக்கு எழுதும் எங்கள் கோஷ்டியை ஏன் அழைக்கிறார் என்று வியந்தோம். பாடுவதைப் பற்றியன்று, கேட்பதைப் பற்றிப் பேசுங்கள் என்றார். அது எங்களால் இயன்ற காரியமாதலால் துணிந்து வந்து நிற்கின்றோம்.

பெங்களூரில் குடியேறிய தமிழருக்கு இசைப் பஞ்சம் ஏற்பட்டதில்லை. 1905-ஆம் ஆண்டில் தோன்றிய காயன சமாஜம் இந்நகரில் இருக்கின்றது. சாமராஜபேட்டையில் 1939-இல் நிறுவப்பெற்ற ஸ்ரீ ராமசேவா மண்டலியார், இராமநவமியை ஒட்டிக் கோட்டை உயர்நிலைப் பள்ளித் திடலில் பந்தலிட்டு வாரக்கணக்கில் கச்சேரிகள் நடத்தி வந்திருக்கின்றனர். ஏழு தந்தி பூட்டிய பிடிலால் புகழ் பெற்ற மைசூர் சௌடய்யா அவர்களின் நினைவாக, பிடிலின் வடிவிலேயே 1980-இல் எழுப்பிய மண்டபத்தையும் நாம் அனைவரும் பார்த்திருக்கின்றோம். கைப்பேசியைத் திறந்தாலோ அரியக்குடியார் முதல் நேற்றுப் பாடிய சிறுவர் வரை எல்லோரும் வரிசையாக வந்து நிற்கின்றனர்.

ஆகவே நம் இடர்ப்பாடு பஞ்சமன்று, வெள்ளமே. இரவு டியூட்டி பார்ப்பவருக்கு மாதத்தில் நான்கு மாலைகள் கிடைத்தால் பெரிது. அந்த நான்கில் எங்கே போவது, எதைக் கேட்பது? இதற்கு விடை சொல்ல, முன்னரே கேட்ட ஒருவர் வேண்டும்.

தமிழ்நாட்டில் இப்பணியைப் பத்திரிகையாளர்கள் திறம்படச் செய்தனர். கல்கி அவர்கள் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் கச்சேரிகளைப் பற்றி எழுதினார். சங்கீதம் என்றாலே ஒதுங்கி நின்ற குடும்பங்களும் அவற்றை விரும்பிப் படித்தன. பின்னர் வந்த சுப்புடு அவர்கள், பர்மாவிலிருந்து வந்து டில்லியில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்; நம்மைப் போல் கோப்புகளுக்கிடையே காலம் கழித்தவர். அவருடைய பேனாவுக்கு அஞ்சாத வித்துவான்கள் குறைவு. கேலி சற்று மிகுதி என்பது எங்கள் கருத்து. ஆயினும் படிக்காமல் இருக்க முடிந்ததில்லை!

அகில இந்திய வானொலியார் கலைஞர்களைத் தேர்வு செய்து பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் பிரிப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நிலையத்தார்க்கு அது தேவையான ஏற்பாடுதான். ஆனால் 'ஏ' தரத்தார் ஒருவர் ஒரு மாலையில் சோர்ந்து பாடுவதும், 'பி' தரத்தார் ஒருவர் ஒரு மோகனத்தால் பந்தலை அசையாமல் அமரச் செய்வதும் உண்டு. கேட்பவருக்கு வேண்டியது அந்த மாலையின் செய்தி.

இக்காரணம் பற்றியே எங்கள் காலனி வாசகசாலையில், பழைய நீள லெட்ஜர் ஒன்றில் நாங்கள் குறிப்பு எழுதி வருகின்றோம். கச்சேரிக்குச் சென்றவர், மறுநாள் என்ன கேட்டார், எதை மற்றவர் தேடிக் கேட்க வேண்டும் என்று எழுதுவார். சிலர் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் இட வேண்டுமென்றனர். இசையென்ன கணக்குப் பரீட்சையா என்று வேறு சிலர் எதிர்த்தனர். இவ்வழக்கு ஓராண்டுக்கு மேல் நடந்தது. முடிவில் ஒரு விதி ஏற்பட்டது: மதிப்பெண் இடலாம், ஆனால் மங்களம் வரை அமர்ந்திருந்தவரே இடலாம்; இட்டவர் காரணமும் ஒரு வரி எழுத வேண்டும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காப்பிக்கு எழுந்து போகும் அன்பர்கள் இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டனர்.

காரணம் எழுதத் தொடங்கியபின் எண்ணின் மதிப்பு தானே குறைந்தது. 'அறுபது' என்பதால் யாருக்கும் ஒன்றும் விளங்குவதில்லை. 'தோடி ஆலாபனை நீளம், நிரவல் அருமை, குழந்தைகளை அழைத்துச் செல்பவர் கடைசி அரைமணி நேரத்துக்குச் செல்க' என்றால், அதைக் கொண்டு ஒரு குடும்பம் மாலைப்பொழுதைத் திட்டமிடலாம்.

இவ்வேட்டின் மிகச் சிறந்த பக்கம் நம்மவர் எழுதியதன்று. கோட்டைத் திடலில் எங்கள் அருகே வழக்கமாக அமரும் கன்னடப் பெரியவர் ஒருவர், புரந்தரதாசரின் 'ஜகதோத்தாரண' என்னும் தேவர்நாமாவைக் காபி இராகத்தில் கேட்டே ஆக வேண்டுமென்று சொன்னார். உலகைக் காக்கும் பெருமானை யசோதை தன் மகனென்று கொஞ்சி விளையாடினாள் என்பது அதன் கருத்து. நாங்கள் பதிலுக்குப் பாபநாசம் சிவனின் 'என்ன தவம் செய்தனை' என்னும் பாட்டைச் சொன்னோம். அதுவும் காபி, அதிலும் அந்த யசோதையே, அந்தக் குழந்தையே! நூற்றாண்டுகள் இடைவிட்டு வாழ்ந்த இருவர், இரு மொழிகளில், ஒரே தாயைக் கண்டு வியந்திருக்கின்றனர். அடுத்த வாரம் பெரியவர் தமது கையாலேயே கன்னட எழுத்தில் எங்கள் ஏட்டில் குறிப்பு எழுதினார். படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினர். பள்ளியில் கன்னடம் படிக்கும் பிள்ளைகள் பெற்றோருக்கு ஆசிரியரான காட்சி அது. சரளி வரிசையை வகுத்துத் தந்தவர் புரந்தரதாசர் என்று மரபு சொல்லுகின்றது. நம் வீட்டுக் குழந்தைகள் பாட்டு வகுப்பில் முதல் நாள் பாடுவது இம்மண்ணின் கொடையே என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தோன்றியது.

இனி ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு நம் காலனிப் பெண் ஒருத்தி, ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் பற்றி அரைப் பக்கம் எழுதினாள். இராகம், தாளம் எதையும் குறிக்கவில்லை. தன் பாட்டியின் ஊர்த் தேர்த்திருவிழாவில் கேட்ட ஒலி போலவே இருந்தது என்றும், இரண்டாவதாக வாசித்ததை மீண்டும் கேட்க ஆசை என்றும் எழுதியிருந்தாள். இராகத்தின் பெயர் அறியாதவர் ஏட்டில் எழுதுவானேன் என்று ஒருவர் அதன் கீழே சிவப்பு மையால் எழுதிவிட்டார். அதன்பின் அவள் வாசகசாலைப் பக்கமே வரவில்லை. அவளைக் கண்டு வேறு இரு சிறுமியரும் நின்றுவிட்டனர்.

இது சிறு செய்தியன்று. இராகத்தின் பெயரைக் கேட்டுக் கேட்டுத்தான் அறிகின்றோம். அறிந்தபின்தான் வாய் திறக்கலாம் என்றால், அறிவதற்கு வழி எது? இரண்டாவதாக வாசித்தது எது என்று அவள் கேட்ட கேள்விக்கு விடை எழுதியிருந்தால், அவள் ஒரு இராகத்தைத் தெரிந்துகொண்டிருப்பாள். ஏட்டின் பயனும் நிறைவேறியிருக்கும். அன்று உடன் கேட்டவர் ஒருவரிடம் பின்னர் விசாரித்தோம். அது சண்முகப்பிரியா. சிவப்பு மையின் கீழே அதை எழுதி வைத்திருக்கின்றோம். இச்சபையில் அமர்ந்திருக்கும் அவளுடைய தாயார் வீட்டில் சொல்ல வேண்டுகின்றோம்.

ஏடு வாசகசாலையில் ஜன்னலோர மேசைமீது கிடக்கின்றது. எழுதுகோலும் கட்டி வைத்திருக்கின்றோம், நீல மை மட்டும். இன்று மாலை இம்மேடையில் பாடவிருக்கும் நம் பிள்ளைகளின் கச்சேரிக்கும் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டிருக்கின்றோம். மங்களம் வரை இருந்து எழுதுங்கள்.